விமானம் இல்லாத ஊரில் விமான நூதனசாலை வைக்க முடியுமா?

அயர்லாந்தில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத் தம்பி ஒருவர் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். லிமரிக் பக்கத்தில் ஃபொயின்ஸ் என்ற சின்ன ஊருக்குப் போயிருக்கிறார். அங்கே தண்ணீரில் இறங்கி எழும்பும் விமானங்களான பறக்கும் படகுகளுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. அது எப்படி வந்தது என்பது முதல் கேள்வி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொழும்புத்துறைக் கடலில் ஒரு விமானம் வந்து மிதந்ததைச் சின்னப் பெடியனாக நின்று பார்த்ததாக அவருடைய அம்மப்பா இன்றைக்கும் சொல்வாராம். அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் ஏன் அப்படி ஒன்று இல்லை என்பது இரண்டாவது கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், விமானம் ஒன்று கையில் இல்லாமல் விமான நூதனசாலை வைக்க முடியுமா என்றுதான் தம்பி கேட்கிறார் என்று எனக்குப் படுகிறது. முடியும். ஃபொயின்ஸ் அப்படித்தான் வந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. விமானப் பராமரிப்பில் பயிற்சி பெற்று, மாலைதீவில் கனகாலம் ட்வின் ஒட்டர் கடல்விமானங்களில் வேலை பார்த்தவன். இப்போது கோண்டாவிலில் ஓய்வாக இருக்கிறேன். மிதவை, உப்புத்தண்ணீர், துரு பற்றி நான் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். வரலாறு நான் முறையாகப் படித்ததல்ல, வெறும் பைத்தியம். அதனால் ஆவணத்தில் நிற்பது எது, வாய்வழியாக வளர்ந்தது எது என்று அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

கடல்விமானம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. நான் வேலை பார்த்தது சாதாரண விமானத்தின் சில்லுகளைக் கழற்றிவிட்டு இரண்டு மிதவை பூட்டிய வகை. காலையில் முதல் வேலை, மிதவையின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கைப்பம்பை விட்டு, இரவு ஊறிய தண்ணீரை இறைப்பது. எந்த அறையில் வழக்கத்தைவிடக் கூட வருகிறதோ அங்கே ஒரு ரிவெட் கசியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மேடையை விட்டுத் தள்ளி மிதக்கிற விமானத்தில் வேலை என்றால் ஸ்பானரைக் கயிற்றில் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வோம், கை தவறினால் அது மீனுக்குத்தான். மாலையில் எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும். ஃபொயின்ஸுக்கு வந்தவை பெரும்பாலும் மற்ற வகை. அவற்றில் விமானத்தின் வயிறே படகு, சிறகு நுனி தண்ணீரில் முட்டாமல் இருக்கப் பக்கத்தில் சின்னத் தாங்கல் மட்டும் இருக்கும். 1930களில் அட்லாண்டிக்கைத் தாண்டக்கூடிய பாரமான விமானத்தைத் தாங்க நீண்ட கொங்கிரீட் ஓடுபாதை அநேகமாக எங்கேயும் இல்லை. தண்ணீர் எங்கும் இருந்தது, அதற்குச் செலவும் இல்லை. பறக்கும் படகு வந்த காரணம் அதுதான்.

ஃபொயின்ஸ் தேர்வானதற்குக் காரணம் வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். ஐரோப்பாவின் மேற்கு ஓரம், ஷனன் ஆற்றின் அகன்ற முகம், ஊருக்கு முன்னாலேயே அலையை மறிக்கும் ஒரு தீவு. 1937 யூலையில் அட்லாண்டிக்கின் இரண்டு கரைகளிலிருந்தும் ஒரே இரவில் பரீட்சைப் பறப்பு நடந்தது. பிரித்தானிய இம்பீரியல் எயர்வேய்ஸின் 'கலிடோனியா' ஃபொயின்ஸிலிருந்து நியூஃபவுண்ட்லாந்தின் பொட்வூட்டுக்குப் போக, பான் அமெரிக்கனின் 'கிளிப்பர் 3' அங்கிருந்து இங்கே வந்தது. அடுத்த ஆண்டு யூலை 21இல் இன்னும் விசித்திரமான ஒன்று. 'மாயா' என்ற பெரிய பறக்கும் படகின் முதுகில் 'மேர்க்கூரி' என்ற சின்ன மிதவை விமானத்தை ஏற்றி, மேலே போனதும் பிரித்துவிட்டார்கள். எரிபொருள் நிறைத்தால் மேர்க்கூரியால் தானாகத் தண்ணீரை விட்டு எழும்ப முடியாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. அது நிற்காமல் 20 மணி 21 நிமிடத்தில் மொன்றியலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்டியவர் டொன் பெனற்.

1939 யூலை 9ஆம் தேதிதான் ஃபொயின்ஸ்காரர் கொண்டாடும் நாள். அன்றைக்கு 'யாங்கி கிளிப்பர்' என்ற போயிங் 314 அமெரிக்காவிலிருந்து பயணிகளோடு வந்து இறங்கியது. 'விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் பயணிகள் சேவை' என்று இதைப் பல இடங்களில் எழுதுகிறார்கள். இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே, யூன் 28இல், 'டிக்ஸி கிளிப்பர்' 22 பயணிகளோடு புறப்பட்டு அசோர்ஸ் தீவுகள், லிஸ்பன் வழியாக மார்செய்க்குப் போய்விட்டது. ஃபொயின்ஸுக்கு உரியது வடக்குப் பாதையின் முதல் இடம். ஆகாயக் கப்பலையும் கணக்கில் எடுத்தால் ஜேர்மன்காரர் இன்னும் முந்தியவர்கள். நூதனசாலைகள் தங்கள் ஊரை ஒரு படி தூக்கிச் சொல்வது வழமை, குற்றமாகச் சொல்லவில்லை.

அந்த போயிங் 314 பற்றி ஒரு மெக்கானிக்காக எனக்குப் பொறாமை. பகலில் 74 பேர் இருக்கலாம், இரவில் படுக்கை விரித்தால் ஏறக்குறைய பாதிப் பேர். ஒருவழிக் கட்டணம் 375 டொலர், அந்தக் காலத்துக்கு அது கொள்ளைக் காசு. மேசை விரித்துச் சாப்பாடு பரிமாறினார்கள். அதெல்லாம் போகட்டும். பறந்துகொண்டிருக்கும்போதே சிறகுக்குள் இருந்த வழியால் ஊர்ந்து போய் எஞ்சினின் பின்பக்கத்தைப் பார்க்கலாம்! நாங்கள் தரையில் நிற்கிற விமானத்துக்கே ஏணி தேடித் திரிந்தோம்.

போர் தொடங்கியதும் அயர்லாந்து நடுநிலை நாடு. நடுநிலை நாட்டின் கிராமம் ஒன்று இராணுவ அதிகாரிகள், இராசதந்திரிகள், அகதிகள் என்று எல்லாரும் போய்வரும் வாசலானது. லிஸ்பனுக்கும் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கும் பறக்கும் படகுகள் போய்வந்தன. பொட்வூட்டில் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும், எதிர்க்காற்றும் கடுமை. அந்த மாதங்களில் நியூயோர்க் போகிறவரே லிஸ்பன், மேற்கு ஆபிரிக்கா, பிரேசில் என்று சுற்றிப் போக வேண்டியிருந்தது. இந்த ஓட்டம் முழுவதும் தொங்கியது வானொலி இயக்குபவரிலும் வானிலை சொல்பவரிலும்தான். அயர்லாந்தின் வானிலைச் சேவை 1936இல் தொடங்கப்பட்டதற்கே அட்லாண்டிக் விமானங்கள் பெரிய காரணம்.

ஐரிஷ் கோப்பியின் கதையையும் தம்பி அங்கே கேட்டிருப்பார். குளிர்கால இரவு, புறப்பட்ட படகு வானிலை சரியில்லாமல் திரும்பி வருகிறது. நடுங்கிக்கொண்டு வந்த பயணிகளுக்குச் சமையற்காரர் ஜோ ஷெரிடன் கோப்பியில் விஸ்கியும் சீனியும் கலந்து மேலே கிரீமை மிதக்கவிட்டுக் கொடுக்கிறார். 'பிரேசில் கோப்பியா?' என்று ஒருவர் கேட்க, 'இல்லை, ஐரிஷ் கோப்பி' என்றாராம். ஷெரிடன் என்ற ஆள் இருந்தது, ஃபொயின்ஸில் சமைத்தது, 1940களின் தொடக்கத்தில் அந்தப் பானம் அங்கிருந்து பரவியது, இவற்றை நம்பலாம். அந்தக் கேள்வியும் பதிலும் வார்த்தைக்கு வார்த்தை நடந்ததா என்பது வேறு விஷயம். நன்றாகச் சொல்லப்பட்ட கதைகள் இப்படித்தான் காலத்தோடு மெருகேறும்.

1945இல் எல்லாம் முடிந்தது. போர் உலகம் முழுவதும் ஓடுபாதைகளைப் போட்டுவிட்டது, தரை விமானங்களும் மலிவாகக் கிடைத்தன. ஆற்றின் மறுகரையில் ரினானாவில் கட்டிய தரை விமான நிலையம்தான் இன்றைய ஷனன். ஃபொயின்ஸிலிருந்து கடைசியாகப் போன அட்டவணைச் சேவையை ஓட்டியவர் சார்ள்ஸ் பிளெயர். அதற்குப் பிறகும் ஒரு முக்கியமான பறப்பு உண்டு. 1947 ஒக்டோபரில் 'பெர்முடா ஸ்கை குவீன்' என்ற பழைய போயிங் 314, 69 பேரை ஏற்றிக்கொண்டு ஃபொயின்ஸிலிருந்து புறப்பட்டு, எதிர்க்காற்றில் எரிபொருள் தீர்ந்துபோகும் நிலையில், நடு அட்லாண்டிக்கில் 'பிப்' என்ற அமெரிக்கக் கரையோரக் காவல் கப்பலுக்குப் பக்கத்தில் இறங்கியது. கொந்தளிக்கும் கடலில் ஒருவரும் சாகாமல் அத்தனை பேரையும் எடுத்தார்கள். விமானத்தை மற்றக் கப்பல்களுக்கு இடைஞ்சல் என்று சுட்டு மூழ்கடித்தார்கள். பறக்கும் படகு எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது இறங்கப் பழகியது மறைவான தண்ணீரில். திறந்த கடலில் இறங்கித் தப்புவது அதிர்ஷ்டமும் கைத்திறனும் சேர்ந்த காரியம்.

போயிங் 314 மொத்தம் 12தான் கட்டினார்கள். இன்றைக்கு ஒன்றும் இல்லை. சில விபத்தில் போயின, மற்றவை பழைய இரும்புக்குப் போயின. உப்பில் கிடந்த அலுமினிய உடம்பை வைத்துக் காப்பாற்றுவது எவ்வளவு செலவு என்று தெரிந்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆகவே 1989 யூலையில், யாங்கி கிளிப்பர் வந்து 50 ஆண்டு ஆன நேரத்தில், ஃபொயின்ஸ் நூதனசாலை திறக்கப்பட்டபோது அவர்களிடம் காட்ட ஒரு போயிங் 314 இல்லை, உலகில் யாரிடமும் இல்லை. அவர்களிடம் இருந்தது கட்டடம். மொன்ரீகிள் ஆர்ம்ஸ் என்ற விடுதியை எடுத்து முனையமாக்கியிருந்தார்கள், அது இடிபடாமல் நின்றது. வானொலி அறையும் வானிலை அறையும் அந்தக் காலத்துக் கருவிகளோடு அங்கே இருக்கின்றன. முன்னின்று உருவாக்கியவர் மார்கரெட் ஓஷோனெசி. திறந்துவைத்தவர் நடிகை மொரீன் ஓஹாரா. அவர் வெறும் நட்சத்திர விருந்தாளி இல்லை. கடைசிப் படகை ஓட்டிய சார்ள்ஸ் பிளெயரின் மனைவி, பிளெயர் இறந்த பிறகு அவருடைய கடல்விமான நிறுவனத்தையே நடத்தியவர். தம்பி, இன்றைக்கு அங்கே நீங்கள் ஏறிப் பார்த்த முழு அளவுப் போயிங் 314, பிற்பாடு செய்து வைத்த நகல். கவனித்துப் பாருங்கள், விமானம் வந்தது கடைசியில், அதுவும் நகலாக.

இனி எங்கள் தீவுக்கு வருவோம். இலங்கையின் பறக்கும் படகுக் கதை உறுதியாக நிற்கும் இடம் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல வாவி. திருகோணமலை சீனன்குடாவும் உண்டு, ஆனால் கொக்கலவின் கதை பெரிது. 1942 ஏப்ரல் 4இல் அங்கிருந்து எழும்பிய கனடிய விமானப்படையின் 413ஆம் ஸ்குவாட்ரனுடைய கற்றலீனாப் பறக்கும் படகு ஒன்று, லெனார்ட் பெர்ச்சோல் ஓட்டியது, தெற்கே ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது, தப்பியவர்கள் சிறைப்பட்டார்கள். அடுத்த நாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. இதுவரை ஆவணம். பெர்ச்சோலை 'இலங்கையின் மீட்பர்' என்று அழைப்பது பிறகு ஒட்டிக்கொண்ட பட்டம். அந்தச் செய்தி எவ்வளவு சேதத்தைக் குறைத்தது என்பதில் எழுதுகிறவர்களிடையே ஒற்றுமை இல்லை.

என்னைக் கேட்டால் அதைவிட வியப்பானது 1943 முதல் 1945 வரை குவான்டாஸ் நடத்திய சேவை. பேர்த்திலிருந்து கொக்கலவுக்கு ஐந்து கற்றலீனாக்கள் இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டின. ஜப்பானியர் கேட்டுவிடுவார்கள் என்று வானொலியே பேசாமல், நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்த பறப்பு அது. விமானங்களுக்கும் வேகா, ரிகெல், ஸ்பைகா, அல்டேர், அன்ராரஸ் என்று நட்சத்திரப் பெயர்கள். 27 முதல் 33 மணி நேரம் வரை பிடிக்கும், வழியில் சூரியன் இரண்டு தரம் உதிக்கும். எரிபொருள் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. 271 தடவை தாண்டினார்கள், ஒரு விமானத்தையும் இழக்கவில்லை. போர் முடிந்ததும் அந்த விமானங்களையும் கடலில் மூழ்கடித்தாயிற்று.

அவ்வளவு நடந்த கொக்கலவில் இருக்கும் பெரிய நூதனசாலை எது தெரியுமா? எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீட்டைச் சுற்றி அமைந்த நாட்டார் நூதனசாலை. விமானத்தளத்துக்காக ஊரை எழுப்பியபோது வீடுகள் போய்விட்டன, அதிகாரிகள் தங்கவென்று எடுத்ததால் அந்த வீடு மட்டும் தப்பியது. விமானம் வந்து போனதை அல்ல, விமானத்துக்காக ஊர் போனதைத்தான் அங்கே காண்கிறோம். பலாலித் தளத்தைச் சுற்றி ஊரை விட்டு எழும்பிய வசாவிளான், மயிலிட்டி ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, அம்மப்பா கண்டது என்ன? யாழ்ப்பாணக் கடல்நீரேரி பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவு. மீன் பிடிக்கிற களங்கட்டிக்கு நட்ட தடிகள் வேறு. பாரம் ஏற்றிய பெரிய பறக்கும் படகு ஒழுங்காகப் போய்வர அது தோதான தண்ணீர் இல்லை, ஆகவே கொக்கல மாதிரி ஒரு தளம் இங்கே இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு விமானம் ஒரு நாள் வந்து இறங்குவது வேறு கதை, அதைப் பொய் என்று தள்ளமாட்டேன். அவரிடம் 'கடல்விமானமா?' என்று கேட்காதீர்கள், ஓம் என்றுதான் சொல்வார். சிறகு எத்தனை, எஞ்சின் எத்தனை, விசிறி முன்னுக்கா பின்னுக்கா என்று கேளுங்கள். மேலும் கீழுமாக இரட்டைச் சிறகு, பின்னுக்குத் தள்ளும் ஒற்றை எஞ்சின் என்றால் அது வோல்ரஸ். போர்க்கப்பலில் கொண்டு வருவது, சின்னது, ஆழம் குறைந்த தண்ணீருக்கு அதுதான் கூடப் பொருந்தும். உடம்புக்கு மேலே தூணில் தூக்கி வைத்தது போல ஒற்றைச் சிறகு, இரண்டு எஞ்சின், விலாவில் குமிழி போலக் கண்ணாடி என்றால் கற்றலீனா. நான்கு எஞ்சினும் பெரிய வயிறும் என்றால் சண்டர்லாண்ட். தொண்ணூறு தாண்டிய மனிதர், தள்ளிப்போடாமல் குரலைப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'எயர் 27' என்ற வரிசையில் ஸ்குவாட்ரன்களின் நாளாந்தப் பதிவேடுகள் இருக்கின்றன. ஆண்டும் விமான வகையும் கிடைத்தால் தேடும் இடம் சுருங்கிவிடும். 'நூலகம்' இணையத்தில் ஈழகேசரியின் பழைய இதழ்களையும் பார்க்கலாம், ஆனால் போர்க்காலத் தணிக்கையில் இராணுவ நடமாட்டத்தை எந்தப் பத்திரிகையும் வெளிப்படையாக எழுதியிராது. அங்கே இல்லை என்பதற்காக நடக்கவில்லை என்று ஆகாது.

யாழ்ப்பாணத்தில் கடல்விமான நூதனசாலை வைக்கலாமா என்றால், என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதுதான். ஃபொயின்ஸ்காரர் தங்களிடம் இருந்ததை வைத்தார்கள், எங்களிடம் இருப்பது வேறு. 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோனின் முதல் பறப்பு இரத்மலானையிலிருந்து 'சீதாதேவி' என்ற டக்கோட்டாவில் சென்னைக்குப் போனது, வழியில் இறங்கியது காங்கேசன்துறைக்கென்று போர்க்காலத்தில் போட்ட ஓடுபாதையில், அதாவது பலாலியில். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் எங்கள் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது 1938 ஒகஸ்டில். மேர்க்கூரி ஃபொயின்ஸிலிருந்து பறந்த அதே கோடை, அதே சமுத்திரம். மேலே ஆகாயத்தில் இருபது மணி நேரத்தில் ஓடியதை, கீழே பாயைக் கட்டிக்கொண்டு எங்கள் ஆக்கள் வாரக்கணக்கில் கடந்துகொண்டிருந்தார்கள். கப்பலும் பலாலியும் சேர்ந்த ஒரு நூதனசாலை என்றால் நான் நாளைக்கே வந்து தூசி தட்டத் தயார். ஃபொயின்ஸும் இப்போது தன்னைப் பறக்கும் படகு மற்றும் கடல்சார் நூதனசாலை என்றுதான் சொல்கிறது, ஊர்த் துறைமுகத்தின் கதையையும் சேர்த்துக்கொண்டது.

நகல் போதாது, உண்மையானதைப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு இடம் சொல்கிறேன். ஃபொயின்ஸுக்கு வந்துபோன விமானங்களில் அமெரிக்கன் எக்ஸ்போர்ட் நிறுவனத்தின் 'எக்ஸ்காம்பியன்' தப்பிப் பிழைத்து, கனெக்ரிகட்டில் உள்ள நியூ இங்கிலாந்து விமான நூதனசாலையில் நிற்கிறது. அது உங்களுக்குத் தூரம். பக்கத்தில் என்றால் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்ரனில் உள்ள சொலன்ட் ஸ்கை நூதனசாலை. அங்கே இருக்கும் ஷோர்ட் சாண்ட்ரிங்காம் பறக்கும் படகு முன்பு பிளெயரின் நிறுவனத்தில் பறந்தது, உள்ளே ஏறிப் பார்க்கலாம். ஏறினால் மேல்தட்டோடு திரும்பிவிடாமல், கீழே குனிந்து அடிவயிற்றுத் தகட்டின் ரிவெட் வரிசைகளையும் ஒரு தரம் பாருங்கள்.